ஈஃபாயில் ப்ரொப்பெல்லர்: தொடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள்

ஈஃபாயில் என்பது அடியில் இறக்கையும் மின்மோட்டாரும் ப்ரொப்பெல்லரும் பொருத்தி, கையிலிருக்கும் ரிமோட்டால் ஓட்டும் அலைப்பலகை. அதை ஓட்டுபவர்கள் தண்ணீரில் விழும்போதுதான் ப்ரொப்பெல்லரை நினைத்துப் பயப்படுகிறார்கள், ஆனால் கரையில் பலகையைக் கவிழ்த்து வைத்து, ப்ரொப்பெல்லர் இலைகளில் சுற்றிய பாசியையோ தூண்டில் நரம்பையோ விரலால் பிடுங்குகிற நேரமும் ஆபத்தானதுதான். ரிமோட்டின் விசையை யாராவது தெரியாமல் அழுத்தினால் போதும். ரிமோட்டை அணைத்துவிட்டேன் என்று சமாதானம் ஆகாமல் பேட்டரி இணைப்பையே கழற்றிவிடுங்கள்.

சரி, வடிவமைப்பு? சுற்றி வளையக் கவசம் இருந்தால் இலைகளின் நுனி கை காலில் படாது. ஆனால் முன்னும் பின்னும் திறந்தே இருப்பதால் விரல் உள்ளே போகும். வேகத்தில் அந்த வளையம் தண்ணீரில் இழுவையைக் கூட்டிப் பேட்டரியைக் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும் என்று சிலர் கழற்றி விடுகிறார்கள். புதிதாகக் கற்பவருக்கு அந்தச் சிக்கனம் தேவையே இல்லை. மடியும் ப்ரொப்பெல்லர், மோட்டாரை நிறுத்தி அலையில் சறுக்க அருமை, ஆனால் மோட்டார் ஓடும்போது இலைகள் விரிந்தேதான் சுற்றும், அதைப் பாதுகாப்பு ஏற்பாடாக நினைக்காதீர்கள். ஜெட் வகையில் சுழலி குழாய்க்குள் அடங்கியிருக்கிறது.

விழப்போகிறோம் என்று தெரிந்ததும் விசையை விடுங்கள், அப்புறம் பலகையைவிட்டு விலகிப் பக்கவாட்டில் விழுங்கள், முன்பக்கம் விழுந்தால் பலகை உங்கள் மேலேயே ஏறி வரும். அடியில் இருக்கும் இறக்கையின் விளிம்பும் வெட்டும், ஹெல்மெட் கட்டாயம்.

சொந்தமாகப் பலகை கட்டுபவர்கள், ரிமோட் சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நிற்கிறதா என்பதை ப்ரொப்பெல்லரைக் கழற்றி வைத்துக் கரையிலேயே சோதித்துப் பாருங்கள்.