கணினிப் பந்தய பிரேக் பெடல் செய்து விற்கலாம்: மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஒரு வழிகாட்டி

செம்பனை (பாமாயில்) ஆலையில் பராமரிப்பு வேலை எனக்கு. குலை ஏற்றிய லாரிகள் ஏறி நிற்கும் எடை மேடைக்கு அடியில் லோட் செல்கள், அதாவது பாரத்தை மின்குறிப்பாக மாற்றும் உணரிகள், இருக்கின்றன. அவற்றைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. இரவில் வீட்டுக் கணினியில் கார் பந்தயம் ஓட்டுவேன். லாரியின் பாரத்தை உணரும் அதே கருவி என் காலின் அழுத்தத்தையும் உணரும் என்று ஒருநாள் உறைத்தது. கணினிப் பந்தயத்துக்கான பிரேக் பெடல் செய்து விற்கும் இந்தச் சிறுதொழிலின் விதை அன்றுதான் விழுந்தது. "நானும் செய்து விற்கலாமா, அண்ணா?" என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் ஆறு மாதம் எதையும் விற்காதீர்கள். பழுது பாருங்கள். ஊத்தான் மெலிந்தாங்கிலும் தெலுக் இந்தானிலும் பந்தயம் ஓட்டும் பிள்ளைகளின் பெடல்களை வாங்கி, உதிரிப்பாகச் செலவை மட்டும் பெற்றுக்கொண்டு சரிசெய்து கொடுத்தேன். எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். பாதிக்கு மேல் பிரேக் பற்றிய புகார்தான். மலிவான பெடல்களில், பெடல் எவ்வளவு நகர்ந்தது என்று அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். அதன் கரித்தடம் தேய்ந்து, தூசு படிந்து, திரையில் பிரேக் தானாகத் துடிக்கும். என்ன செய்து விற்பது என்பதை அந்த நோட்டுதான் முடிவு செய்தது.

உண்மையான காரில் பிரேக் பெடல் சற்றே இறங்கி இறுகிவிடும். அதன்பின் எல்லாமே அழுத்தம்தான். எவ்வளவு தூரம் மிதித்தோம் என்பதைவிட எவ்வளவு பலமாக மிதித்தோம் என்பதைக் கால் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளும். விளையாட்டில் வரும் செபாங் பந்தயத் தடத்தில் நீண்ட நேர்பாதை முடிந்து 15-ஆவது வளைவுக்கு வரும்போது பழைய பெடலில் ஒவ்வொரு சுற்றும் வெவ்வேறு இடத்தில் நின்றேன். லோட் செல் பொருத்திய முதல் இரவே கால் அடங்கியது. அந்த மகிழ்ச்சியை இன்னொருவருக்கும் கொடுக்க வேண்டும் என்ற ஆசை இல்லாவிட்டால் இந்தத் தொழில் வேண்டாம். லாபம் மெதுவாகத்தான் வரும்.

உள்ளே இருக்கும் மின்பாகங்கள் மூன்றுதான். லோட் செல், அது தரும் சில மில்லிவோல்ட்டைப் பெருக்கி எண்ணாக மாற்றும் எச்.எக்ஸ்.711 பலகை, கணினியிடம் தன்னை விளையாட்டுக் கருவி என்று சொல்லிக்கொள்ளும் ஏடிமெகா32யு4 சிப் கொண்ட சிறு ஆர்டுயினோ கட்டுப்பாட்டுப் பலகை. ஆர்டுயினோவிலேயே யூனோ ஆர்3 என்ற பலகையை வாங்காதீர்கள். அதனால் நேரடியாக அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

எச்.எக்ஸ்.711 பலகையில் ஒரு கண்ணி உண்டு. கடையில் கிடைக்கும் பெரும்பாலானவை விநாடிக்கு 10 முறைதான் அளக்கும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒவ்வோர் அளவுக்கும் இடையே ஐந்தரை மீட்டர் ஓடிவிடும்! சிப்பின் 15-ஆவது பின்னை (கம்பிமுனையை) தரையிணைப்பிலிருந்து விடுவித்து மின்வழங்கல் பக்கம் இணைத்தால் 80 முறை அளக்கும். இடைவெளி 70 சென்டிமீட்டராகச் சுருங்கும். நுண்ணிய பற்றவைப்பு வேலை. பழைய பலகைகளில் கை பழகிய பிறகே விற்பனைப் பலகையைத் தொடுங்கள்.

என் பெரிய தவறு நெம்புகோல் கணக்கு. நாற்பது கிலோவுக்கு மேல் யார் மிதிக்கப் போகிறார்கள் என்று 100 கிலோ வரை அளக்கும் செல்லைப் போட்டேன். பெடலில் கால் படும் இடம் அச்சிலிருந்து 21 சென்டிமீட்டர். செல்லைத் தள்ளும் இடம் 7 சென்டிமீட்டர். ஆகவே செல்லின்மேல் விழுவது மூன்று மடங்கு, 120 கிலோ. முதலில் விற்ற பத்தில் மூன்று திரும்பி வந்தன. செல் லேசாக வளைந்து பூச்சியத்துக்குத் திரும்பவில்லை. காலை எடுத்த பிறகும் பந்தயக் கார் பிரேக்கை இழுத்துக்கொண்டே ஓடியது. மூன்று பேருக்கும் புதிது செய்து அனுப்பினேன். இப்போது 200 கிலோ செல்தான் போடுகிறேன்.

பெடலின் சுகம், பெடலுக்கும் செல்லுக்கும் இடையே நசுங்கும் ரப்பரில் இருக்கிறது. அப்பா ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். ரப்பரைக் கையால் அழுத்தியே தரம் சொல்வார். நான் ரப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் 60, 70, 80 என்று வாங்கி, இரண்டிரண்டாக அடுக்கிப் பார்க்கிறேன். புதிய ரப்பரை இரவு முழுக்கப் பட்டறைப் பிடியில் நசுக்கி வைத்துக் காலையில் விடுவியுங்கள். பழைய உயரத்துக்கு மீளாததை வாங்காதீர்கள்.

இரும்புத் தகடுகளைப் பத்துப் பத்தாக வெட்டக் கொடுங்கள். ஒன்றே ஒன்று என்றால் பட்டறைக்காரர் இயந்திரம் பூட்டும் கூலியும் அதன் தலையில் விழும். எங்கள் ஊர் ஈரக் காற்றுக்குப் பவுடர் கோட்டிங் கட்டாயம்.

விலை வைக்கும்போது கை நடுங்கும். பாகங்களுக்கு 165 ரிங்கிட் ஆகிறது என்று 220-க்கு விற்றேன். பெட்டி, திருகுகள், இணையச் சந்தையின் தரகு, திரும்பி வந்தவற்றுக்கான செலவு எல்லாம் கூட்டியபோது என் உழைப்புக்கு எதுவும் மிஞ்சவில்லை. இன்று 380. குறைக்கச் சொல்பவரிடம் கணக்கைக் காட்டுகிறேன், பலர் புரிந்துகொள்கிறார்கள்.

தீபகற்ப மலேசியாவில் தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் தொழில்களைப் பதியும் அரசு ஆணையமான எஸ்.எஸ்.எம்.-இல் பதிய வேண்டும். சொந்தப் பெயர் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் என்றால் 60. வீட்டு மின்சாரத்தில் இயங்குபவை, புளூடூத் உள்ளவை என்றால் தனி அனுமதிச் சான்றுகள் குறுக்கே வரும். அதனால்தான் யுஎஸ்பி கம்பியில் ஓடும் பெடலோடு நிற்கிறேன். ஸ்டீயரிங் மோட்டார் பக்கம் இன்னும் போகவில்லை.

அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பெடலையும் நானே ஐந்நூறு முறை மிதிக்கிறேன். பெட்டிக்குள் கூடுதலாக ஒரு ஜோடி ரப்பர், ஓர் ஆலன் சாவி, தமிழிலும் மலாயிலும் ஒரு பக்கக் குறிப்பு, என் வாட்ஸ்அப் எண். இரவு எட்டு மணிக்கு மேல் அழைத்தால் எடுப்பேன் என்று அதிலேயே எழுதியிருக்கிறேன்.