கறுப்பு டயல் போனை வாங்கி மணி அடிக்க வைப்பது எப்படி

கிருஷ்ணகிரியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுவது பிழைப்பு, பழைய டயல் போன்களைப் பிரித்து ஓட வைப்பது பொழுதுபோக்கு. கடைக்கு வருகிறவர்கள் மேசையில் இருக்கும் கறுப்பு போனைப் பார்த்துவிட்டால் விரலை விட்டு ஒரு சுற்றாவது சுற்றாமல் போக மாட்டார்கள். அடுத்த கேள்வி, "அண்ணா, இது எங்கே கிடைக்கும், என்ன பார்த்து வாங்கணும்?" அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். அலமாரியில் அழகுக்கு வைக்க மட்டும் என்றால் இவ்வளவு பாடு தேவையில்லை. மணி அடிக்கணும், அந்தப் பக்கம் பேசுவது கேட்கணும் என்பவர்களுக்குத்தான் இது.

முதலில், தேட வேண்டிய இடம். நம் ஊரில் நல்ல சரக்கு இருப்பது மாங்காய் மண்டிகளில்தான். சீசன் நேரத்தில் வெளியூர் விலை தெரியாமல் லோடு ஏற்ற முடியாது, அதனால் வீடுகளுக்கு வருவதற்கு முன்பே மண்டிகளுக்குப் போன் வந்துவிட்டது. எக்ஸ்சேஞ்சில் சொல்லிப் போடும் வெளியூர்க் காலான டிரங்க் காலைப் பதிவு செய்துவிட்டு, சாதா காலா, சீக்கிரம் கிடைக்கும் அர்ஜென்டா, அதைவிடச் சீக்கிரமான லைட்னிங்கா என்று காசுக் கணக்குப் பார்த்துக் காத்திருந்த காலம் அது. பழைய கணக்கு நோட்டுகளோடு சேர்த்து அந்தப் போனைப் பரணில் போட்டு வைத்திருப்பார்கள். பெரியவரிடம் போய் "விலைக்குக் கொடுக்கிறீர்களா" என்று எடுத்ததும் கேட்காதீர்கள். அந்தக் காலத்து நம்பர் என்னவென்று கேளுங்கள், முகம் மலர்ந்துவிடும். அடுத்தது பழைய இரும்புக் கடை. அங்கே செம்புக்காக உள்ளே இருப்பதை உருவிவிட்டு வெறும் மேல்கூட்டை விற்பார்கள், கையில் தூக்கிப் பார்த்தாலே எடை சொல்லிவிடும். பெங்களூருவில் சிக்பேட்டை பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும் பழைய சாமான் சந்தையும் இருக்கிறது. இங்கிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம்.

நம் பக்கம் கிடைப்பதில் பெரும்பாலானவை ஐடிஐ, அதாவது 1948ல் பெங்களூருவில் தொடங்கிய இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் செய்தவை. போனைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள், அச்சு இருக்கும். பித்தளை நிறத்தில் பளபளவென்று, ராஜா காலத்து ஜாடையில் விற்கிறார்களே, அதில் டயல் துளைக்குள் விரலை வைத்து அழுத்துங்கள். அமுங்கினால் அது பட்டன் போன், டயல் வெறும் வேஷம். விலை எவ்வளவு சல்லிசாக இருந்தாலும் வேண்டாம்.

கறுப்பு போன் எல்லாம் பேக்கலைட்டும் இல்லை. பேக்கலைட் என்பது 1907ல் லியோ பேக்லண்ட் கண்டுபிடித்த பொருள், ஒருமுறை இறுகினால் சூட்டில் உருகாது, ஆனால் கீழே விழுந்தால் உடையும். கட்டை விரலால் ஓரிடத்தை நன்றாகத் தேய்த்துச் சூடேற்றி முகர்ந்து பாருங்கள், கார்பாலிக் சோப்பு மாதிரி ஒரு வாடை வந்தால் பேக்கலைட். பின்னால் வந்த பிளாஸ்டிக் போன்களில் இந்த வாடை இருக்காது, எடையும் குறைவு. பிளாஸ்டிக் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். வேலை செய்வதில் அவை சளைத்தவை இல்லை, பழகுவதற்கு முதலில் அதையே வாங்கலாம்.

வாங்கும் இடத்திலேயே டயலைச் சோதித்துவிட வேண்டும். பூஜ்யத்தில் விரலை வைத்துக் கடைசி வரை சுற்றி விடுங்கள். திரும்பி வர ஒரு வினாடியோ, சற்றுக் கூடுதலோ ஆக வேண்டும். காரணம், டயல் நம்பரை அனுப்புவது நாம் சுற்றும்போது இல்லை, அது திரும்பி வரும்போது. லைன் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும்: 1 என்றால் ஒரு துண்டிப்பு, 9க்கு ஒன்பது, பூஜ்யத்துக்குப் பத்து. வினாடிக்குப் பத்து என்பது கணக்கு. எக்ஸ்சேஞ்சில் இருந்த ஸ்ட்ரோஜர் சுவிட்ச் இந்தத் துடிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு படி ஏறும். அதற்கு 1891ல் காப்புரிமை வாங்கிய ஆல்மன் ஸ்ட்ரோஜர், அமெரிக்காவில் ஈமச்சடங்கு நடத்திக்கொடுக்கும் தொழில் செய்தவர். எங்கள் தொழிலில் இந்த மாதிரி மனிதர்கள்தான் எனக்குப் பிடிக்கும்!

டயல் திணறித் திணறித் திரும்பினால் பயப்பட வேண்டாம், பழைய எண்ணெய் பிசினாகியிருக்கும். தையல் மெஷின் எண்ணெயை மேலிருந்து ஊற்றுகிற வேலை மட்டும் கூடாது. டயலுக்குள் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஒன்று உண்டு. குட்டி எடைகள் சுழன்று விரிந்து, ஒரு கிண்ணத்தின் உள்சுவரில் உரசி வேகத்தைப் பிடிக்கும். உரசும் அந்த இடம் உலர்ந்தே இருக்க வேண்டும், அங்கே எண்ணெய் பட்டால் டயல் பறக்கும், நம்பர் தப்பாகப் போகும். கிண்ணத்தைப் பஞ்சால் துடைத்துவிட்டு, அச்சுமுனைகளில் மட்டும் ஊசி நுனியால் கடிகார எண்ணெய் தொட்டு வைத்தால் போதும்.

டயல் துளை ஒன்றின் ஓரத்தில் வட்டமாகக் கீறல் இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். பூட்டு போட்ட தழும்பு அது. முதலாளி வீட்டுக்குப் போகும்போது துளையில் சின்னப் பூட்டை மாட்டிவிட்டுப் போவார். பையன்கள் அதற்கும் மேலே. ரிசீவர் வைக்கும் கட்டையைச் சரியான வேகத்தில் தட்டியே நம்பர் போட்டுவிடுவார்கள், நாலுக்கு நாலு தட்டு, பூஜ்யத்துக்குப் பத்து. டயல் செய்கிற அதே துண்டிப்பைத்தானே அந்தக் கட்டையும் செய்கிறது. இந்தத் தழும்புள்ள போனைத்தான் நான் முதலில் எடுப்பேன்.

சரி, வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. அடி ஸ்குரூவைக் கழற்றியதும், எந்த ஒயரையும் தொடுவதற்கு முன் செல்போனில் நாலு படம் எடுத்து வையுங்கள். பிறகு மல்டிமீட்டர்.

பேசும் பக்கத்து மூடியைத் திருகினால் கார்பன் மைக் வரும். அதன் இரு முனையிலும் மீட்டரை வைத்துக் குலுக்குங்கள், அளவு ஏறி இறங்கினால் உயிர் இருக்கிறது. உள்ளே இருக்கும் கரித்துகள் ஈரத்தில் கட்டிக்கொண்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். உள்ளங்கையில் நாலு தட்டு தட்டினால் பல நேரம் சரியாகிவிடும். கேட்கும் பக்கத்துக்கு மீட்டர்கூட வேண்டாம், ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டு எடுத்தால் 'டிக்' என்று கேட்கும்.

மணி காயில் என் ஏரியா. தலைமுடியைவிட மெல்லிய கம்பி. மீட்டர் எதுவும் காட்டவில்லை என்றால் உடனே காயில் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். பத்தில் எட்டு, முனையில் பற்றவைத்த இடத்தில்தான் அற்றிருக்கும். மேல் காகிதத்தை மெதுவாக விலக்கி அந்த நுனியைத் தேடுங்கள். காயில் நன்றாக இருந்தும் மணி மொன்னையாக அடித்தால் கிண்ணங்களைத் தளர்த்தித் திருப்புங்கள். பல மாடல்களில் கிண்ணத்தின் துளை நடுவில் இருக்காது, அதனால் திருப்பத் திருப்ப சுத்தியலுக்கும் கிண்ணத்துக்கும் உள்ள இடைவெளி மாறும். காதை வைத்துத்தான் சரி செய்ய வேண்டும், இதற்கு அளவு கிடையாது.

ரிசீவரை வைத்திருக்கும்போதே எடுத்த மாதிரி லைன் பிஸியாக இருந்தால் உள்ளே உள்ள கண்டென்சர் கசிகிறது, அதாவது தடுத்து நிறுத்த வேண்டிய டிசி கரண்டை விட்டுவிடுகிறது. பழையதின் மேல் அச்சிட்டிருக்கும் மைக்ரோபாரட் அளவிலேயே, 250 வோல்ட்டுக்குக் குறையாத பிலிம் கண்டென்சர் போடுங்கள். சில ரூபாய் வேலை.

ரிசீவரின் துணி சுற்றிய ஒயரில் ஒரு சங்கதி. அறுத்துப் பார்த்தால் செம்புக் கம்பி இருக்காது. நூல் மேல் செம்புத் தகடு ரிப்பனாகச் சுற்றியிருக்கும், அதனால்தான் எத்தனை முறை மடக்கினாலும் ஒடியவில்லை. பற்றவைக்க சால்டரிங் அயர்னை வைத்தால் நூல் கருகித் தகடு உதிரும். முனையில் மெல்லிய செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, அதன் மேல் ஒரு நொடியில் ஈயம் தொட்டு எடுக்க வேண்டும்.

வெளிப்பக்கத்துக்கு சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி, அப்புறம் பித்தளை பாலிஷ் கொஞ்சம், மென்மையான துணியில். தின்னர், பெட்ரோல், உப்புக் காகிதம் ஆகாது. கறுப்பு ஸ்பிரே பெயின்ட் அடித்த போனை எனக்குச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். டயல் நடுவில் இருக்கும் காகித வட்டத்தை எடுத்துவிடாதீர்கள். அதில் பேனாவால் எழுதிய மூன்று இலக்க, நாலு இலக்க நம்பர் இருந்தால் எந்த வீட்டுப் போன் என்று சொல்ல ஊரில் இன்னும் ஆள் இருக்கிறார்கள்.

கடைசியாக இணைப்பு. இரண்டே ஒயர், டயலும் மணியும் எது எந்தப் பக்கம் என்று பார்க்காது. லைனில் சும்மா இருக்கும்போது 48 வோல்ட் அளவுக்கு டிசி, மணி வரும்போது அதற்கு மேல் ஏசி ஏறும், சுருக்கென்று அடிக்கும். அதனால் லைனைப் பிடுங்கிவிட்டே கையை வையுங்கள். இப்போது வீடுகளில் இருப்பது இன்டர்நெட்டுக்கு வைக்கும் பைபர் பெட்டி. அதன் போன் துளையில் மாட்டினால் பேச்சு வரும், மணியும் பெரும்பாலும் வரும், ஆனால் டயல் துடிப்பு நிறையப் பெட்டிகளுக்குப் புரியாது. சோதனை எளிது: ரிசீவரை எடுத்து 5 சுற்றுங்கள். டயல் டோன் நின்றால் பெட்டிக்குப் புரிகிறது. ரீங்காரம் தொடர்ந்தால் துடிப்பை டோனாக மாற்றும் சின்ன போர்டு வாங்கி நடுவில் போட வேண்டும், ஆன்லைனில் கிடைக்கிறது. அதற்கும் மனமில்லை என்றால், வரும் காலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட ஆரம்பித்தவுடன் இதே மாடலில் உடைந்த போன் இன்னொன்றைக் குறைந்த விலைக்குத் தேடி வாங்கிப் போடுங்கள். டயல் ஸ்பிரிங்கும் மைக் மூடியும் எந்தக் கடையிலும் புதிதாகக் கிடைக்காது.