புது ரூட்டர் சரியாக இருக்கிறதா? முதல் காடி எடுக்கும் முன் ஒரு சோதனை

மரத்தில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டும் ரூட்டர் மெஷினைத்தான் சொல்கிறேன், வைஃபை பெட்டியை இல்லை.

என் முதல் ரூட்டரில் எடுத்த காடிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. கை பழகவில்லை என்று இரண்டு வாரம் என்னையே நொந்துகொண்டேன். கடைசியில் பார்த்தால் தப்பு கையில் இல்லை, ரூட்டர் மரத்தின் மேல் உட்காரும் அடித்தட்டு மையம் விலகியிருந்தது. அதற்கப்புறம் எந்த ரூட்டர் வந்தாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிடுகிறேன்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

ஸ்பிண்டிலை, அதாவது மோட்டாரின் சுழல்தண்டை, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மணல் அரைபடுவது போல நெருடினால் பேரிங்கில் கோளாறு. மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள். கைக்கே ஆட்டம் தெரிந்தால் மேற்கொண்டு அளக்க வேண்டாம், பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பலாம்.

அடுத்தது முக்கியமான வேலை: சுழலும்போது மையம் விலகுகிறதா என்று பார்ப்பது. இதற்கு 0.01 மி.மீ. அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜும், அதைப் பிடிக்க ஒரு காந்த ஸ்டாண்டும், வெட்டும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டுக்குப் பொருந்தும் நேரான, வழுவழுப்பான எஃகுக் கம்பியும் வேண்டும். வெட்டும் பிட்டின் மேல் அளக்காதீர்கள், அதன் விளிம்பில் முள் தாவும். காலெட்டின் உள்ளே தூசி, எண்ணெய் இல்லாமல் துடைத்துவிட்டு, கம்பியை அடிவரை செருகி 2, 3 மி.மீ. வெளியே இழுத்து இறுக்குங்கள். கேஜின் முனையைக் காலெட்டை ஒட்டி வைத்து ஸ்பிண்டிலை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முள் போன அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் அளவு. காலெட்டிலிருந்து 25 மி.மீ. தள்ளி இன்னொரு முறை அளங்கள். அங்கே அளவு ரொம்பக் கூடினால் கம்பி சாய்ந்து நிற்கிறது என்று அர்த்தம்.

0.05 மி.மீ.க்குள் இருந்தால் நான் சந்தோஷமாக வைத்துக்கொள்வேன். 0.1-ஐத் தாண்டினால் ஏற்க மாட்டேன். அந்த அளவில் 12 மி.மீ. பிட் 12.1 வரை வெட்டலாம். இரண்டு வெட்டுமுனைகளில் ஒன்றே பெரும்பாலான வேலையைச் செய்வதால் அது சீக்கிரம் மழுங்கும், மரமும் கருகும்.

அவசரப்பட்டு மெஷினைக் குறை சொல்லவும் கூடாது. முள் உச்சம் காட்டும் இடத்தில் ஸ்பிண்டில், காலெட், கம்பி மூன்றிலும் மார்க்கரால் கோடு போடுங்கள். கம்பியை மட்டும் அரைச்சுற்று திருப்பி இறுக்கி மறுபடி அளங்கள். உச்சம் கம்பியின் கோட்டோடு போனால் கம்பிதான் வளைந்திருக்கிறது. இல்லையென்றால் காலெட்டை அதேபோல் திருப்பிப் பாருங்கள். காலெட்டோடு போனால் புதுக் காலெட் வாங்கினால் சரியாகிவிடும். ஸ்பிண்டில் கோட்டிலேயே நின்றால் அது மெஷினின் குறை.

இனி அடித்தட்டு. அதன் மேல் இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும். ஸ்பிண்டிலுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க, ரூட்டரைத் தலைகீழாக நிறுத்தி, ஒரு தடித்த கம்பியை வளைத்துக் காலெட்டில் மாட்டுங்கள். அதன் நுனி தட்டை உரசியும் உரசாமலும் இருக்கட்டும். சுற்றிக்கொண்டே நான்கு இடத்தில் ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) இடைவெளியை அளங்கள். எதிரெதிர் இடங்களுக்கு இடையே 100 மி.மீ. தூரத்தில் 0.2 மி.மீ. வித்தியாசம் என்றாலும், 20 மி.மீ. அகலக் காடியின் அடியில் அது 0.04 தான். பயப்பட ஒன்றுமில்லை. அதற்கு மேல் போனால் தட்டின் திருகுக்கு அடியில் காகிதத் துண்டு வைத்துச் சரிசெய்யலாம்.

என்னைப் படுத்திய அடித்தட்டு மைய விலகல் வட்டமான தட்டில்தான் அதிகம் தொந்தரவு தரும். வேண்டாத பலகையில் ஒரு நேர்ச்சட்டத்தைக் கிளாம்ப் போட்டு, அதை ஒட்டி 2 மி.மீ. ஆழத்தில் ஒரு காடி எடுங்கள். ரூட்டரை அரைச்சுற்று திருப்பி அதே காடியில் மறுபடி ஓட்டுங்கள். அப்புறம் கால்சுற்று, முக்கால்சுற்று திருப்பியும் ஓட்டுங்கள். 12 மி.மீ. காடி 12.8 ஆகிவிட்டால் மையம் சுமார் 0.4 மி.மீ. விலகியிருக்கிறது. தட்டின் திருகுகளைத் தளர்த்தி நகர்த்திப் பார்க்கலாம். முடியாவிட்டால் விளிம்பில் ஒரு புள்ளி வைத்து, எப்போதும் அந்தப் பக்கமே சட்டத்தில் படும்படி ஓட்டினால் போதும். நான் இன்றும் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

அழுத்தி இறக்கும் வகை என்றால் இரண்டு கைப்பிடியையும் சமமாக அழுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் நல்ல மெஷினும் சிக்கும். பூட்டும்போது ஆழம் நகர்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

கடைசியாக ஓட்டிப் பார்ப்பது. வெறும் காலெட்டை இறுக்கினால் அது நசுங்கிக் கெட்டுவிடும். அதனால் நட்டோடு சேர்த்துக் கழற்றிவிட்டு, கண்ணாடியும் காதடைப்பும் போட்டுக்கொண்டு, குறைந்த வேகத்தில் ஒரு நிமிடம் ஓட்டி மெல்லக் கூட்டுங்கள். கார்பன் பிரஷ் பக்கம் சின்னச் சின்ன நீலப் பொறி வருவது புது மெஷினில் சகஜம். நெருப்பு வளையம் போலச் சுற்றி வந்தாலோ, ஒரு வேகத்தில் மட்டும் உடம்பே அதிரும்படி நடுங்கினாலோ உடனே நிறுத்தி, அளவுகளை எழுதிவைத்து, பில்லோடு திருப்பிக் கொடுங்கள்.