கொமடோர் 64: மங்கும் பேச்சொலியை மீட்கும் முறை

1982இல் வெளிவந்த கொமடோர் 64 கணினியின் சிட் ஒலிச் சில்லில், பதிவு செய்த பேச்சையோ முரசொலியையோ இயக்கத் தனி வழி கிடையாது. ஆகவே நிரலாளர்கள், 16 படிகளே கொண்ட ஒலியளவுப் பதிவேட்டை (ஒலியளவு எண்ணைச் சில்லில் வைத்திருக்கும் இடத்தை) நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மாற்றி அந்த ஒலிகளை எழுப்பினார்கள். சிட் சில்லின் பழைய வகையான 6581இன் குரல்வழிகளில் (தனித்தனியே ஒலி எழுப்பும் பகுதிகளில்) எப்போதும் சிறிது நிலையான மின்னழுத்தம் கசிந்துகொண்டிருப்பதால், ஒலியளவு மாறும்போதெல்லாம் அந்த அழுத்தமும் ஏறி இறங்கி ஒலியாகக் கேட்கிறது. பின்னர் வந்த 8580 சில்லில் இக்கசிவு பெருமளவு நீக்கப்பட்டது. அதனாலேயே அதே பேச்சு அதில் மிகவும் மெலிந்து ஒலிக்கிறது. இதை வைத்து 8580ஐத் தரம் குறைந்தது என்பது நியாயமன்று. ஒரு குறையே பயனாகிவிட்ட அரிய நிகழ்வு இது.

முதலில், உங்களிடம் உள்ளது எந்தச் சில்லு என்று பாருங்கள். வெளிக்கூட்டை நம்ப வேண்டாம். பின்னாளில் வந்த கொமடோர் 64சி மாதிரியின் தொடக்கப் பெட்டிகளிலும் 6581 இருந்ததுண்டு. கணினி இல்லாதவர்கள் கொமடோர் 64ஐப் போலவே இயங்கும் வைஸ் (VICE) எமுலேட்டர் மென்பொருளின் ஒலி அமைப்பில் இரண்டையும் மாறி மாறித் தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்து, இவ்வரியை ஆங்கில எழுத்துகளில் (போக் = POKE, கோட்டூ = GOTO) தட்டச்சிட்டு, ரன் (RUN) கட்டளை கொடுங்கள். போக் ஒரு முகவரியில் ஓர் எண்ணை எழுதும்; 54296 ஒலியளவுப் பதிவேட்டின் முகவரி:

10 போக் 54296,15: போக் 54296,0: கோட்டூ 10

6581இல் தெளிவான ரீங்காரம் கேட்கும். 8580இல் காதைக் கூர்மையாக்கினால்தான் கேட்கும்.

இனி, ரன்/ஸ்டாப் விசையால் நிறுத்திவிட்டு, இவற்றைச் சேருங்கள்:

2 போக் 54277,0: போக் 54278,240: போக் 54276,73
4 போக் 54284,0: போக் 54285,240: போக் 54283,73
6 போக் 54291,0: போக் 54292,240: போக் 54290,73

73 என்பது 64, 8, 1 ஆகியவற்றின் கூட்டு. 64 துடிப்பலையைத் தேர்கிறது. 8 என்னும் சோதனை பிட் (சில்லைச் சோதிப்பதற்கான இருமநிலை இலக்கம்) அவ்வலையை உச்சத்திலேயே நிறுத்துகிறது. 1 குரலைத் திறக்கிறது. 240 அந்தக் குரலை முழு அளவில் தாங்கி நிற்கச் செய்கிறது. இவ்வாறு மூன்று குரல்வழிகளும் அலையாமல் நிலையான அழுத்தத்தைத் தருவதால், 6581இல் தானாகக் கசிந்ததை 8580இல் நாமே உண்டாக்குகிறோம். மீண்டும் ரன் கொடுத்தால் ரீங்காரம் உரத்து எழும். பேச்சொலியை இயக்கும் உங்கள் நிரலிலும் தொடக்கத்தில் இம்மூன்று வரிகளை வைத்தால் போதும். ஆனால் அந்த நேரத்தில் மூன்று குரல்களிலும் வேறு இசை வாசிக்க இயலாது.

சில்லையே மாற்றிவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள்: 6581க்கு 12 வோல்ட், 8580க்கு 9 வோல்ட் என மின்வழங்கலே வேறு, மாற்றிப் பொருத்தினால் சில்லு பழுதாகக்கூடும்.