பன்னில் இல்லை, பிரஷ்ஷில் இருந்தது

மேடானில் வீட்டிலேயே பன் சுட்டு விற்கிறோம். இந்தோனேசியாவில் சிறு உணவுத் தொழில்களுக்கும் ஹலால் சான்றிதழ் கட்டாயம். எங்களுக்குக் கெடு 2026 அக்டோபர் 17. சுய அறிவிப்பு முறையில் போட்ட விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்தது.

மார்ஜரின்தான் காரணம் என்று நினைத்து பிராண்டை மாற்றினேன். அப்புறம் ஈஸ்ட், வெனிலா எசென்ஸ் என்று ஒவ்வொரு லேபிளையும் மறுபடி படம் எடுத்து ஏற்றினேன். ஒன்பது நாள் வீண்.

சமையலறையைப் பார்க்க வந்த சரிபார்ப்பாளர் அக்கா பொருட்களைத் தொடவே இல்லை. பன்மேல் வெண்ணெய் தடவும் பிரஷ்ஷை எடுத்து, கைப்பிடியைத் திருப்பிக் காட்டினார். தேய்ந்துபோன எழுத்தில் 'பிரிசில்' (bristle, முரட்டு முடி) என்று இருந்தது. பெரும்பாலும் பன்றி முடிதானாம். இரண்டு இழையைப் பிடுங்கித் தீயில் காட்டினார். சுருண்டு, தலைமுடி பொசுங்கும் வாடை வந்தது. தாவர நார் என்றால் காகிதம் எரியும் வாடைதான் வரும். நான் அனுப்பிய படத்திலேயே அந்த பிரஷ் ஓரமாகக் கிடந்திருக்கிறது!

அன்றே சிலிக்கோன் பிரஷ் வாங்கினோம். தட்டுகளையும் கிண்ணங்களையும் இஸ்லாமியத் தூய்மை முறைப்படி ஏழு முறை கழுவினோம், அதில் ஒரு முறை மண் கலந்த நீரில். கருவிப் பட்டியலைத் திருத்தி, புதுப் படங்களோடு அனுப்பினேன். மூன்றாம் முறை சான்றிதழ் வந்துவிட்டது. அப்பாடா!

பழைய மார்ஜரினுக்கே திரும்பிவிட்டோம். அதில் எந்தக் குறையும் இருக்கவில்லை.