வேஸ்ட்கோட் பூத்தையல்: கத்திரியை எப்போது எடுப்பது?

18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கனவான்கள் கோட்டுக்குள் அணிந்த பூத்தையல் மேலுடையான வேஸ்ட்கோட்டைப் பழைய முறையிலேயே செய்துபார்க்க வருகிறவர்களில் பலர், கொக்கி ஊசியால் செய்யும் ஆரி வேலையில் கைதேர்ந்தவர்கள். ஆகவே ஊசி பிடிப்பதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை; அவர்கள் செய்யும் தவறுகளைப் பற்றி மட்டும்தான்.

முதலிலேயே வெட்டிவிடுவது

ரவிக்கைக்குக் கழுத்தையும் கையையும் துணியில் வரைந்து, வேலை முடிந்த பிறகே தையற்காரரிடம் கொடுப்பவர்கள்கூட, கோட்டு வகை என்றதும் முதலில் கத்திரியை எடுப்பது எனக்கு இன்றுவரை எரிச்சலூட்டுகிறது. அண்மையில் ஒரு மாணவி விலையுயர்ந்த பட்டுத்துணியை அளவாக வெட்டி எடுத்துவந்து, அதன் பிறகு பூவேலைச் சட்டத்தில் பூட்டினார். கைக்குழியின் வளைவு துணியின் இழைகளுக்குச் சாய்வாக இருந்ததால் இழுத்த பக்கமெல்லாம் நீண்டது. தையல் நெருக்கமான முன்விளிம்போ சுருங்கியது. வேலை முடிந்தபோது இடப்பாதியும் வலப்பாதியும் ஒரே நீளத்தில் இல்லை. பொத்தான் வரிசையில் இருபுறக் கொடிகளும் சந்திக்கவும் இல்லை.

அக்காலத்துப் பட்டறைகளில் இரு முன்பாகங்களையும், பைமூடிகளையும், பொத்தான்களைப் போர்த்தும் சிறு வட்டங்களையும் வெட்டாத பட்டிலேயே வரைந்தார்கள். துளையிட்ட தாளின்மேல் பொடியைத் தேய்த்துக் கோலத்தைப் பட்டில் இறக்கி, நேர்விளிம்புகளைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிப் பூவேலையை முடித்தார்கள். அந்தத் துணி அப்படியே விற்பனைக்குப் போனது. வாங்கியவரின் உடலளவுக்கு அதை வெட்டியது அவருடைய தையற்காரர். வெட்டப்படாமலே நின்றுபோன இத்தகைய துணிகளை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். பொத்தான் துளைகளையும் பூவேலைக்குப் பிறகே திறக்க வேண்டும்.

முதுகுக்கும் பட்டு வாங்குவது

வேண்டாம். மேலே கோட்டு மறைக்கும் பகுதி அது. பெரும்பாலும் எளிய லினனோ பருத்தியோதான்.

ஜரிகையைத் துணிக்குள் இழுப்பது

பட்டிழையைச் சுற்றியிருக்கும் மெல்லிய உலோகத் தகடு, துணிக்குள் போய்வந்தால் உரிந்துவிடும். மேலே படியவைத்துப் பட்டுநூலால் பிணைத்து, நுனிகளை மட்டும் பின்புறம் இறக்குங்கள்.

எதற்கெடுத்தாலும் ஆரி

கிழக்கிலிருந்து சென்ற, ஆரி போன்ற கொக்கி ஊசி பிரான்சில் பரவியது 1760 வாக்கில்தான். மன்னர் பதினைந்தாம் லூயியின் பூவேலை வடிவமைப்பாளரான செயின்ட் ஓபன், 1770இல் வெளியிட்ட தமது நூலில் அதை விளக்குகிறார். எனவே 1740களின் மாதிரியை எடுத்துக்கொண்டவர்கள் சாதாரண ஊசியும் பட்டுநூலும் கொண்டு இதழ்களை அடைத்துத் தைக்க வேண்டும். நேரம் பல மடங்கு ஆகும். அதற்கேற்பக் கோலத்தைச் சிறிதாகத் தேர்ந்தெடுங்கள்.