பொதுக் கழிவுநீர்க் குழாயில் கட்டடத்தை இணைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கட்டடத்தின் கழிவுநீரைத் தெருவில் செல்லும் பொதுக் குழாயில் சேர்ப்பதற்கு ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் தனக்கென விதிகளை வகுத்துள்ளது. கட்டணமும் படிவமும் கால அவகாசமும் ஊருக்கு ஊர் வேறுபடும். ஆனால் விதிகளின் உட்பொருள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்; ஏனெனில் கழிவுநீர் எங்கும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கே ஓடுகிறது. இணைப்பு வேலையில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, மட்டம் பார்க்காமல் மண்ணைத் தோண்டத் தொடங்குவதால்தான் நேர்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

பொதுக் குழாய் தெருவுக்கு வந்த பிறகு, அதில் இணைவது பல இடங்களில் உரிமையாளரின் விருப்பத்துக்கு விடப்படுவதில்லை. குழாயிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் உள்ள கட்டடங்கள், அறிவிப்புக் கிடைத்த குறிப்பிட்ட நாட்களுக்குள் இணைய வேண்டும் என்று விதி இருக்கும். உங்கள் கட்டடம் அந்தத் தூரத்துக்குள் வருகிறதா என்று கேட்கும்போதே, பராமரிப்புப் பொறுப்பு எதுவரை உங்களுடையது என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சில ஊர்களில் அது மனை எல்லையோடு முடிகிறது. வேறு சில ஊர்களில் சாலைக்கு அடியில் பொதுக் குழாயைத் தொடும் இடம் வரை நீள்கிறது. பின்னாளில் அடைப்பு ஏற்பட்டுச் சாலையை வெட்ட வேண்டி வந்தால், அந்தச் செலவு யாருடையது என்பதை இந்த ஒரு வரிதான் தீர்மானிக்கும்.

அடுத்து, பொதுக் குழாயின் அடிமட்டம் எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்று கேளுங்கள். வீட்டுக் குழாய் குறைந்தது 100 மில்லிமீட்டர் விட்டம் கொண்டதாக இருக்க வேண்டும் என்பது பரவலான விதி. அதற்குக் கொத்தனார்கள் வாட்டம் என்று சொல்லும் சரிவு, பொதுவாக 40 மீட்டருக்கு 1 மீட்டர் முதல் 60 மீட்டருக்கு 1 மீட்டர் வரை கேட்கப்படுகிறது. கழிவறையிலிருந்து இணைப்பிடம் வரை 20 மீட்டர் இருந்தால், 40-க்கு 1 என்ற கணக்கில் குழாய் அரை மீட்டர் இறங்கியாக வேண்டும். அந்த இறக்கத்துக்குப் பிறகும் உங்கள் குழாய் பொதுக் குழாயைவிட உயரத்தில் நின்றால்தான் நீர் தானாக ஓடும்; இல்லையென்றால் பம்பு வைக்க வேண்டியிருக்கும். வாட்டம் குறைந்தால் நீர் நகர்ந்தாலும் கசடு தங்கிவிடும், நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது இருந்தால்தான் குழாய் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். தரைத்தளம் தெருவின் மேன்ஹோல் மூடியைவிடத் தாழ்ந்திருந்தால், பின்னோக்கி வரும் கழிவுநீரைத் தடுக்கும் வால்வைப் பொருத்தும்படி விதி கேட்கும். விதி கேட்காவிட்டாலும் அதைப் பொருத்திவிடுங்கள். தெருக் குழாய் அடைத்துக்கொண்ட நாளில் முதலில் நிரம்புவது தாழ்ந்த வீட்டின் குளியலறைதான்.

அனுமதிக்காகக் கொடுக்கும் வரைபடத்தில் குழாயின் பாதை, விட்டம், வாட்டம் ஆகியவற்றோடு ஆய்வுத் தொட்டிகளையும் குறிக்க வேண்டும். குழாய் திரும்பும் இடத்திலும், இரண்டு குழாய்கள் சேரும் இடத்திலும் ஒரு தொட்டி இருந்தால், அடைப்பை எடுக்கக் கம்பி விடுவதற்கு வழி இருக்கும். குடிநீர்க் குழாயிலிருந்து விலகி, அதைவிடத் தாழ்வாகவே கழிவுநீர்க் குழாய் செல்ல வேண்டும்.

மழைநீரைப் பற்றிய விதியைத்தான் மக்கள் அதிகம் மீறுகிறார்கள். கழிவுநீருக்கும் மழைநீருக்கும் தனித்தனிக் குழாய்கள் உள்ள ஊரில், மாடியின் மழைநீர்க் குழாயைக் கழிவுநீர்த் தொட்டியில் விடக்கூடாது. 100 சதுர மீட்டர் மாடியில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், அது 5,000 லிட்டர். ஆளுக்கு 125 லிட்டர் வீதம் கழிவுநீர் வெளியேற்றும் நால்வர் குடும்பத்துக்கு அது பத்து நாள் கழிவுநீருக்குச் சமம். தெருவில் உள்ளவர்களில் சிலர் இப்படிச் செய்தாலே, வீட்டுக் கழிவுக்கென அளந்து போடப்பட்ட குழாய் தாங்காமல் மேன்ஹோல் வழியே தெருவில் பொங்கும்.

உணவகம் போன்றவற்றுக்கு எண்ணெய் பிரிக்கும் தொட்டி தேவை. ஆலைக் கழிவுக்குத் தனி அனுமதி தேவை.

பொதுக் குழாயை நீங்களோ உங்கள் பிளம்பரோ உடைத்து இணைக்க விதி அனுமதிப்பதில்லை. உள்ளாட்சி ஊழியரோ உரிமம் பெற்றவரோதான் அதைச் செய்ய வேண்டும். உங்கள் குழாய் நீரோட்டத்தின் திசையில் சாய்வாகச் சேர வேண்டும். அதன் முனை பொதுக் குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருந்தால், துணியும் முடியும் அங்கே சிக்கி அடைப்பாகும். ஆய்வாளர் பார்த்து, நீர் நிரப்பிக் கசிவைச் சோதிக்கும் வரை பள்ளத்தை மூடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மழை வரும் என்று பயந்து, ஆய்வுக்கு முந்தைய நாள் மாலையே மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். மறுநாள் முழுப் பள்ளத்தையும் திரும்பத் தோண்ட வேண்டியதாயிற்று. ஆனால் அப்படித் தோண்டியபோதுதான், ஒரு மூட்டு ஒட்டப்படாமலே விடப்பட்டிருந்தது தெரிந்தது.

இணைப்பு முடிந்ததும் பழைய செப்டிக் டேங்கை அப்படியே விட்டுவிடக் கூடாது. அதை லாரி வைத்து முழுதும் உறிஞ்சி எடுத்து, நீர் தேங்காதபடி அடித்தளத்தில் துளையிட்டு, மணலால் நிரப்ப வேண்டும். வெற்றுத் தொட்டியின் மேல்மூடி நாளடைவில் வலுவிழந்து, மேலே நடப்பவரோடு உள்ளே இடிந்து விழக்கூடும். இந்த வேலையின் எந்தக் கட்டத்திலும் ஓர் ஆளைத் தொட்டிக்குள்ளோ மேன்ஹோலுக்குள்ளோ இறக்காதீர்கள். அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. அளவு கூடும்போது மூக்கின் உணர்வையே அது மரக்கச் செய்துவிடுவதால், நாற்றம் இல்லை என்பதை வைத்து ஆபத்து இல்லை என்று சொல்ல முடியாது. ஒருவர் உள்ளே மயங்கி விழுந்துவிட்டால், அவரைத் தூக்க இன்னொருவரை இறக்காமல், மூச்சுக்கருவியுடன் வரும் மீட்புப் படையை உடனே அழையுங்கள்.